டாக்டரை அடிக்கடி பார்க்க முடியாதவர்கள் 'ஷேக்' டயட்டைப் பாதுகாப்பாகப் பின்பற்றுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

என் அண்ணனுக்கு அப்போது 51 வயது, 88 கிலோ எடை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரஷருக்கு நீர் மாத்திரை கலந்த ஒரு மாத்திரை. தெருமுனையில் காலை வேளையில் ஷேக், அதாவது சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் சத்துப் பவுடர் பானம், கலந்து கொடுக்கும் கிளப் ஒன்றில் சேர்ந்தார். காலையிலும் இரவிலும் ஷேக், மதியம் மட்டும் கொஞ்சம் சாப்பாடு. அங்கே இருந்த 'கோச்' எடை பார்த்தார், இடுப்பை அளந்தார், முன்னும் பின்னும் போட்டோ எடுத்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை அண்ணன் பஸ் ஸ்டாண்டில் வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, எந்த ஊருக்குப் போக வந்தோம் என்று தெரியாமல் நின்றிருக்கிறார். பக்கத்து மருந்துக்கடையில் விரலைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 46.

அன்று அவரை வீழ்த்தியது பவுடர் இல்லை. சாப்பாடு பாதியாகக் குறைந்திருந்தது, மாத்திரை பழைய அளவிலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான். பிறகு ஒரு டாக்டரின் கண்காணிப்பில் அதே முறையைச் சரியாகச் செய்து 14 வாரத்தில் 80 கிலோவுக்கு வந்தார். அந்த 14 வாரத்தில் அவர் டாக்டரைப் பார்த்தது நான்கே தடவை. நம் ஊர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான்: சில சந்திப்புகள், ஒவ்வொன்றும் ஐந்து பத்து நிமிடம். அந்த நிமிடங்களை எதற்குச் செலவிட வேண்டும், மீதி நாட்களில் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது டாக்டருக்கு மாற்று இல்லை. அவரிடம் போகும்போது நீங்கள் தயாராகப் போவதற்கான குறிப்பு.

எந்த வகை டயட் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உணவு மாற்று டயட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று தரம் உண்டு. ஒரு நாளைக்கு 800 கலோரிக்கும் குறைவாக, முழுக்க பவுடரிலேயே வாழ்வது ஒன்று. சுமார் 800 முதல் 900 கலோரிவரை, அதுவும் முழுக்க பவுடர், இரண்டாவது. மூன்றாவது, ஒன்றோ இரண்டோ வேளைக்கு மட்டும் ஷேக், மீதி சாதாரணச் சாப்பாடு, மொத்தம் 1200 முதல் 1500 கலோரி.

முதல் வகையைத் தானாக யாரும் செய்யக் கூடாது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரதம் என்று விற்ற பானங்களை மட்டும் குடித்து எடை குறைத்தவர்களில் 50க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவானது. விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த தரம் குறைந்த புரதம் அது. இறந்தவர்களில் பலருக்கு இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகியிருந்தது. அவர்களில் இளவயதுப் பெண்களும் இருந்தார்கள். இன்றைய தயாரிப்புகளில் வைட்டமின், தாது உப்பு எல்லாம் சேர்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் 800க்குக் கீழே போனால் உடலுக்குப் பிழை பொறுக்கும் இடமே இருக்காது.

இரண்டாவது வகைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் தலைமையில் நடந்த 'டைரக்ட்' ஆய்வு 2017 டிசம்பரில் வெளியானது. டைப் 2 சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த 306 பேர் அதில் சேர்ந்தார்கள். டயட் குழுவினர் மூன்று முதல் ஐந்து மாதம்வரை தினம் 825 முதல் 853 கலோரிக்கு ஷேக்கும் சூப்பும் மட்டும் எடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை, நோய் எல்லைக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்த குழுவில் அது 4 சதவீதம். இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டைச் சொல்வதில்லை. பயிற்சி பெற்ற நர்ஸோ உணவு ஆலோசகரோ தொடர்ந்து பார்த்தார்கள். டயட் தொடங்கிய அன்றே சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் விதிமுறைப்படி நிறுத்தப்பட்டன. தேவைப்பட்டவர்களுக்குத் திரும்பக் கொடுக்கவும் விதிமுறை இருந்தது. அந்த ஏற்பாடு இல்லாமல் பவுடரை மட்டும் எடுத்துக்கொள்வது பாதி வைத்தியம்கூட இல்லை.

எனவே டாக்டரை மாதம் ஒரு தடவைதான் பார்க்க முடியும் என்றால் மூன்றாவது வகையைத் தேர்ந்தெடுங்கள். அது ஒன்றும் மட்டமான வழி இல்லை. அமெரிக்காவில் 5,145 பேரை வைத்து நடந்த 'லுக் அஹெட்' ஆய்வில் டயட் குழுவினர் தொடக்க மாதங்களில் தினம் இரண்டு வேளைக்கு ஷேக், ஒரு வேளை சாப்பாடு, பிறகு ஒரு வேளைக்கு மட்டும் ஷேக் என்றுதான் போனார்கள். கூடவே நடைப்பயிற்சியும் வாராந்தரக் கூட்டமும் இருந்தன. முதல் ஆண்டில் அந்தக் குழுவினருக்குச் சராசரியாக உடல் எடையில் 8.6 சதவீதம் குறைந்தது. இனிமேல் நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டு ஷேக், ஒரு சாப்பாடு முறைக்குத்தான்.

யார் தொடங்கக் கூடாது

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள். கடந்த ஆறு மாதத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள். சிறுநீரகம், கல்லீரல் பெரிதாகக் கெட்டிருப்பவர்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள். சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது, அடக்க முடியாமல் தின்பது போன்ற பழக்கம் எப்போதாவது இருந்தவர்கள். மதுப் பழக்கத்தை விட முடியாதவர்கள். இவர்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

65 வயது தாண்டியவர்களுக்குக் கொழுப்போடு சேர்ந்து தசையும் வேகமாகக் கரையும். அவர்களும், இன்சுலின் போடுபவர்கள், பித்தப்பைக் கல் அல்லது கவுட் (யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் நோய்) உள்ளவர்கள், மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர்கள் எல்லாம் நெருக்கமான கண்காணிப்பு கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். மாதம் ஒரு சந்திப்பு இவர்களுக்குப் போதாது.

இன்னொரு கேள்வி, உங்களுக்கு எடை குறைய வேண்டுமா என்பதே. இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23 தாண்டினால் அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன் என்று நம் நாட்டு மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. பி.எம்.ஐ. 22ல் இருக்கும் பெண் கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து கிலோ குறைக்க இதைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

டாக்டரிடம் முதல் சந்திப்பு

நான்கு சந்திப்புகளில் முக்கியமானது இதுதான். டப்பா வாங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டியது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு இருக்கிறது. சர்க்கரை, பிரஷர் பார்ப்பதும் அடிப்படை ரத்தப் பரிசோதனையும் அங்கே இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் இந்த டயட் தொடங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரால் டோஸை மாற்ற முடியாது. டாக்டரையே நேரில் பார்க்காமல் மாதக்கணக்கில் அதே டோஸில் போய்க்கொண்டிருப்பவர்கள் நிறைய. நேரில் ஒரு தடவை போய்த்தான் ஆக வேண்டும்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சித்த மருந்து, நாட்டு மருந்து, கால்சியம் மாத்திரை எதையும் விட வேண்டாம். எடுக்க வேண்டிய பரிசோதனைகள் இவை: வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்.பி.ஏ.1.சி., கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை, யூரிக் அமிலம், ஹீமோகுளோபின், தைராய்டு. நாற்பது வயது தாண்டியிருந்தாலோ இதயக் கோளாறு இருந்தாலோ ஒரு இ.சி.ஜி. சர்க்கரை பல ஆண்டுகளாக இருப்பவர்கள் கண் விழித்திரையையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை இன்னும் மோசமாகலாம். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எடை குறைந்தால் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு மாதவிடாய் சீராகலாம், எதிர்பாராத கர்ப்பமும் தரிக்கலாம்.

அப்புறம் மாத்திரைகள். ஒவ்வொன்றையும் காட்டி, "டாக்டர், நாளையிலிருந்து சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன், இதை எவ்வளவு குறைக்கணும்?" என்று கேளுங்கள். உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள இந்தப் பட்டியல் உதவும்.

- கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின்: ஆபத்து அதிகம் இவற்றில்தான். சாப்பாடு குறைந்தாலும் இவை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாக இருந்தால் அதற்குள் கிளிமிபிரைடு ஒளிந்திருக்கலாம், அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே இவற்றைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும்.
- டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின்: இவை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. மாவுச்சத்து குறையும்போது ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குளுக்கோமீட்டரில் சர்க்கரை சாதாரணமாகவே தெரியும் என்பதால் வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். டயட் காலத்தில் நிறுத்தலாமா என்று கட்டாயம் கேளுங்கள்.
- மெட்ஃபார்மின்: தனியாக இருந்தால் தாழ்சர்க்கரை (ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) வருவது அரிது.
- நீர் மாத்திரை, டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள்: முதல் வாரத்தில் உடலிலிருந்து நிறைய உப்பும் நீரும் வெளியேறும். பிரஷர் தானாகவே இறங்கும். பழைய டோஸும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரிடும்.
- அட்டெனலால், மெட்டோபுரலால்: இவற்றைத் திடீரென்று நீங்களாக நிறுத்தக் கூடாது. நெஞ்சு வலி வரை கொண்டுபோய் விடும்.
- வார்ஃபரின், அசிட்ரோம்: பவுடரில் வைட்டமின் கே இருக்கும். ரத்தம் உறையும் அளவு மாறும், அடிக்கடி பரிசோதனை தேவை.
- தைராய்டு மாத்திரை: பவுடரில் உள்ள கால்சியம், இரும்பு, சோயா எல்லாம் மாத்திரை உடலில் சேர்வதைக் கெடுக்கும். காலை ஷேக்குக்கும் மாத்திரைக்கும் நல்ல இடைவெளி வேண்டும், நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள்.

அந்த அறையை விட்டு வெளியே வரும்முன் மூன்று விஷயம் உங்கள் ஓ.பி. சீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த மாத்திரை எவ்வளவு குறைகிறது. சர்க்கரை, பிரஷர் எந்த எண்ணுக்குக் கீழே அல்லது மேலே போனால் திரும்ப வர வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் எந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் நள்ளிரவில் பேதி வரும்போது கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்த மூன்று சந்திப்புகளின் தேதியையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பன்னிரண்டாம் வாரம். நேரில் போக முடியாத இடைநாட்களில் ஈசஞ்சீவனி தொலைமருத்துவத்தில் அரசு டாக்டரிடம் பேசலாம், 104ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

டப்பாவைப் படிக்கும் முறை

உணவு மாற்று பவுடரும் புரதப் பவுடரும் ஒன்றில்லை. ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் புரதப் பவுடரில் வைட்டமின், தாது உப்பு, கொழுப்பு, நார் போதுமான அளவு இருக்காது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைக் குடித்தால் நாளடைவில் சத்துக் குறைபாடு வரலாம். சத்துமாவுக் கஞ்சியும் மாற்று இல்லை. அது நல்ல உணவு, ஆனால் அதில் பெரும்பகுதி மாவுச்சத்து.

உணவுத் தரத்துக்கான பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ், எடை குறைப்புக்கான உணவு மாற்று ஒரு வேளைக்கு 200 முதல் 400 கலோரி தர வேண்டும், அதில் கால்பங்காவது புரதத்திலிருந்து வர வேண்டும் என்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் கடைகளில் விற்கும் பல பவுடர்களில் ஒரு வேளை அளவு 25 கிராம்தான், அதில் சுமார் 90 கலோரிதான் இருக்கும். பாலில் கலக்கச் சொல்லித்தான் டப்பாவில் போட்டிருப்பார்கள். 250 மி.லி. டோன்டு பாலில் கலந்தால் ஏறக்குறைய 150 கலோரியும் 7, 8 கிராம் புரதமும் கூடி 240 கலோரி ஆகும். அதையே தண்ணீரில் கலந்து குடித்தால் நீங்கள் சாப்பிடுவது ஒரு பிஸ்கட் பொட்டலத்தைவிடக் குறைவு. என் அண்ணன் ஒன்பது நாளும் தண்ணீரில்தான் கலந்தார், சீக்கிரம் குறையும் என்று. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சர்க்கரை சேர்க்காத சோயா பாலில் கலக்கலாம்.

டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா, காலாவதித் தேதி இருக்கிறதா, பொருட்களின் முழுப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே என்ன என்று சொல்லாமல் 'மூலிகைக் கலவை' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். கூடவே விற்கும் கொழுப்பு எரிக்கும் மாத்திரை, செறிவூட்டிய கிரீன் டீ மாத்திரை எதுவும் வேண்டாம். செறிவான கிரீன் டீ சாறு சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. 2010ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து நீக்கிய சிபுட்ரமின் என்ற மருந்தை 'இயற்கை' எடைக் குறைப்புப் பொருட்களில் ரகசியமாகக் கலந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும் மருந்து.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பத்து மணிவரை வெறும் வயிற்றோடு இருப்பது இந்த டயட்டில் கூடாது. எட்டு மணிக்குள் முதல் ஷேக். பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் மோர், ஒரு கொய்யா. ஒரு மணிக்குச் சாப்பாடு. ஐந்து மணிக்கு ஒரு சிறிய கிண்ணம் சுண்டல். ஏழரைக்கு இரண்டாவது ஷேக். இது ஏறக்குறைய 1200 கலோரி. ஆண்களும் உயரமானவர்களும் இதோடு ஒரு முட்டையும் ஒரு பிடி வேர்க்கடலையும் சேர்த்து 1400 அளவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு வேளைச் சாப்பாடு உண்மையான சாப்பாடாக இருக்க வேண்டும். தட்டில் பாதி காய்: கீரை, அவரை, புடலை, முட்டைக்கோஸ் எதுவானாலும். கால்பங்கு புரதம்: இரண்டு துண்டு மீன், அல்லது கோழி, அல்லது முட்டையோடு கெட்டியான பருப்பு. மீதிக் கால்பங்கு சோறு, ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். சாம்பாரில் தண்ணீர்தான் அதிகம், அதைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாள் முழுவதற்கும் 60 முதல் 70 கிராம் புரதம் சேர வேண்டும், இல்லாவிட்டால் குறையும் எடையில் தசையின் பங்கு கூடிவிடும்.

எண்ணெயை முழுக்க நிறுத்திவிடும் தவறைச் செய்யாதீர்கள். கொழுப்பு உள்ளே போகும்போதுதான் பித்தப்பை சுருங்கிப் பித்த நீரை வெளியேற்றும். எடை வேகமாகக் குறையும் காலத்தில் கொழுப்பே சாப்பிடாமல் இருந்தால் பித்த நீர் தேங்கிக் கல்லாகலாம். மதியச் சமையலில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் இருக்கட்டும், நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ.

தண்ணீர் இரண்டு முதல் இரண்டரை லிட்டர். கத்திரி வெயில் மாதத்தில் இதைத் தொடங்காமல் இருப்பது நல்லது. வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு 1200 கலோரி போதவே போதாது. அவர்கள் ஒரு வேளைக்கு மட்டும் ஷேக் வைத்துக்கொள்ளலாம். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடக் கூடாது.

நடைப்பயிற்சி தினம் அரைமணி நேரம் போதும். முதல் இரண்டு வாரம் ஜிம், ஓட்டம் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று தடவை செய்யுங்கள், தொடைத் தசை கரையாமல் இருக்க.

வீட்டில் ஒரு நோட்டு

ஒரு குளுக்கோமீட்டர், ஒரு பிரஷர் மீட்டர், ஒரு எடை மெஷின். மூன்றுக்கும் ஆகும் செலவை முதல் மாதப் பவுடர் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாங்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குங்கள், இல்லையென்றால் துணை சுகாதார நிலையத்தில் போய்ப் பாருங்கள்.

கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ குறைந்த டோஸில் தொடர்பவர்கள் முதல் இரண்டு வாரம் தினம் மூன்று தடவை சர்க்கரை பார்க்க வேண்டும்: காலை வெறும் வயிற்றில், மதியச் சாப்பாட்டுக்கு முன், படுக்கப் போகும்போது. 70க்குக் கீழே என்றால் அது தாழ்சர்க்கரை. இரண்டு நாள் தொடர்ந்து காலையில் 90க்குக் கீழே இருந்தால் அடுத்த டோஸுக்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள், 70 ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரை குறைத்த பிறகு 250க்கு மேல் இரண்டு தடவை காட்டினாலும் கேட்க வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிரஷரை உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து ஒரு தடவை பாருங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினாலோ, 100க்குக் கீழே போய்த் தலை சுற்றினாலோ மாத்திரையை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நேரம் அது.

எடை வாரம் ஒரு தடவை, ஒரே கிழமையில், காலையில். முதல் வாரம் இரண்டு மூன்று கிலோ இறங்கலாம், அது பெரும்பாலும் தண்ணீர். பிறகு வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ நல்ல வேகம். இரண்டாம் வாரத்துக்குப் பிறகும் ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைந்துகொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். பித்தக் கல்லுக்கான ஆபத்து கூடுவது அந்த வேகத்தில்தான். சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

என்னவெல்லாம் வரும்

முதல் வாரம் தலைவலி, எரிச்சல், பசி. உப்புப் போட்ட மோரும் தண்ணீரும் பெரும்பாலும் சரிசெய்யும். மலச்சிக்கல் பலருக்கும் வரும். காயைக் கூட்டுங்கள், தேவைப்பட்டால் இசப்கோல் உமி ஒரு ஸ்பூன், ஆனால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் இல்லாமல் எடுத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். உடம்பு குளிர்வது போல் இருப்பது இயல்பு. இரண்டு மூன்று மாதம் கழித்துச் சிலருக்கு முடி கொட்டும், பெண்கள் இதில் மிகவும் பயந்துபோகிறார்கள். எடை சட்டென்று குறைந்ததால் வருவது அது, பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். கவுட் இருந்தவர்களுக்குக் கால் பெருவிரல் மூட்டு வீங்கலாம்.

தலைசுற்றல், வாந்தி, படபடப்பு வந்தால் "டாக்ஸின் வெளியே போகிறது" என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். தலைசுற்றல் என்றால் சர்க்கரையோ பிரஷரோ இறங்கியிருக்கலாம், உடனே அளந்து பார்க்க வேண்டும்.

சர்க்கரை 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். ஷேக்கோ பாலோ வேண்டாம், அவற்றில் உள்ள புரதமும் கொழுப்பும் சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரையால் இறங்கியது என்றால் சரியான பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம். மயங்கிய நிலையில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை வீட்டில் உள்ளவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள், மயங்கியவருக்குத் தன் வைத்தியத்தைச் சொல்ல முடியாது.

இவற்றில் எது வந்தாலும் டயட்டை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள்:

- மயக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு
- நெஞ்சு வலி, துடிப்பு தாறுமாறாக ஓடுவது
- தொடர் வாந்தியோடு மூச்சு வாங்குவது, வயிற்று வலி, குறிப்பாக டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரை எடுத்திருந்தால்
- வலது மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்கோ தோளுக்கோ பரவும் கடும் வலி, அதோடு காய்ச்சல்

கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ பவுடரை நிறுத்தி, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கல்யாணம், விரதம், காய்ச்சல்

கல்யாண வீட்டுக்குப் போனால் உட்கார்ந்து ஒரு பந்தி சாப்பிடுங்கள். அன்றைய சாப்பாடு அதுதான். அதற்காக இரண்டு ஷேக்கையும் விட்டுவிட்டு ஈடுகட்ட வேண்டாம், சர்க்கரை மேலும் கீழும் ஆடும். சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு எதையும் இந்த டயட்டோடு சேர்க்காதீர்கள். நோன்பு முடிந்து தொடங்குங்கள், அல்லது டயட் முடிந்து நோன்பிருங்கள். காய்ச்சலோ பேதியோ வந்தால் டயட் அன்றே நிற்க வேண்டும். கஞ்சி, இட்லி, உப்பு சர்க்கரைக் கரைசல், ஓ.பி. சீட்டில் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மாற்றம். குணமாகி இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடரலாம். அறுவைச் சிகிச்சையோ பல் பிடுங்குவதோ இருந்தால் டயட்டைப் பற்றி அங்கே சொல்லிவிடுங்கள்.

பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவது

பன்னிரண்டு வாரம் முடிந்த மறுநாள் காலை நெய் ரோஸ்ட்டும் வடையும் சாப்பிட்டு, இரவு பிரியாணி சாப்பிட்டு, ஆறு மாதத்தில் போன எடையெல்லாம் திரும்ப வந்தவர்கள் எத்தனையோ பேர். 'டைரக்ட்' ஆய்வில்கூட உணவைத் திரும்பக் கொண்டுவர இரண்டு முதல் எட்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் 46 சதவீதம் 36 ஆகக் குறைந்தது. நோய் திரும்பியவர்கள் பெரும்பாலும் எடை திரும்பியவர்கள்தான்.

இரவு ஷேக்கை முதலில் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு முட்டை, அல்லது ஒரு சப்பாத்தியும் நிறையக் காயும். இரண்டு மூன்று வாரம் அப்படியே போகட்டும், எடை நிற்கிறதா என்று பாருங்கள். காலை ஷேக்கை அவசரமாக விட வேண்டியதில்லை. தினம் ஒரு வேளை ஷேக் என்பதைப் பல மாதம் தொடர்வது எடை திரும்பாமல் இருக்க உதவுகிறது, செலவு தாங்கினால். தாங்காதவர்கள் அதே 250 கலோரிக்கு இரண்டு முட்டை, ஒரு தோசை என்று மாறிக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்திலும் மாத்திரை விஷயம் முடியவில்லை, திசைதான் மாறுகிறது. சாப்பாடு கூடும்போது சர்க்கரையும் பிரஷரும் திரும்ப ஏறலாம். நிறுத்திய மாத்திரை மறுபடி தேவைப்படலாம், அது தோல்வி இல்லை. பன்னிரண்டாம் வாரச் சந்திப்புக்கு நோட்டோடு போங்கள். முதலில் எடுத்த அதே பரிசோதனைகளைத் திரும்ப எடுத்து, இரண்டு தாளையும் அருகருகே வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எச்.பி.ஏ.1.சி. பார்க்க வேண்டும், மாத்திரையே இல்லாமல் எண் நன்றாக இருந்தாலும். எடை குறைந்தபட்ச அளவிலிருந்து இரண்டு கிலோ ஏறினால் அந்த வாரமே இரவுக்கு ஷேக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். என் அண்ணன் இப்போதும் ஞாயிறு காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறார். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அண்ணி கையெழுத்தில் 108ம், மாத்திரைகளின் பெயரும், 'மயங்கினால் வாயில் எதுவும் ஊற்றாதே' என்ற வரியும் இருக்கின்றன.